இ-மைக்ரேட் தளம்: கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு எவ்வளவு உதவும்?

லால்பேட்டை, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோவில், திட்டக்குடி, விருத்தாசலம் என்று கடலூர் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ குவைத்திலோ சிங்கப்பூரிலோ இருப்பார். 2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, மாநிலத்திலிருந்து வெளிநாட்டில் இருப்பவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்றது. ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கில், இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டுப் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம். இப்படிப் போகிற தொழிலாளிகளுக்காக மத்திய வெளியுறவு அமைச்சகம் 2014 முதல் நடத்தும் இணையச் சேவைதான் இ-மைக்ரேட். 2024 அக்டோபரில் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏஜென்ட் யார், சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிட இதைவிட நல்ல வழி நம் ஆட்களுக்கு இல்லை. காசும் கிடையாது. ஆனால் பெரும்பாலானவர்கள் விசா கைக்கு வந்த பிறகுதான் இந்தப் பெயரையே கேள்விப்படுகிறார்கள். அதற்குள் பணம் கைமாறியிருக்கும், அப்புறம் தளத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இது அநேகமாக உதவாது. இந்த மாவட்டத்துக்கு அது பெரிய ஓட்டை. அதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

யாருக்குக் கட்டாயம்

1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை) வகை. அந்தப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். வளைகுடா நாடுகள் ஆறும், மலேசியா, ஜோர்டான், ஈராக், லெபனான் போன்றவையும் அந்தப் பட்டியலில் உண்டு. நமக்கான பாதுகாவலர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அனுமதி இணையத்திலேயே வந்துவிடும், விமான நிலையக் குடிநுழைவுக் கவுண்டர் கணினியிலும் தெரியும். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன் என்று இன்னும் யாராவது காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

பத்தாவது தேறியவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிட்டர், வெல்டர், எலக்ட்ரீசியன் எல்லாரும் இந்த வகை. இதைச் சலுகை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அனுமதியோடு சேர்ந்து வரும் ஒப்பந்தச் சரிபார்ப்பு, குறைந்தபட்சச் சம்பள வரம்பு, கட்டாயக் காப்பீடு ஆகிய மூன்றும் இவர்களுக்கு இல்லாமல் போகிறது. பத்தாவது பெயிலான கொத்தனாருக்கு இருக்கிற பாதுகாப்பு டிப்ளமோ படித்த வெல்டருக்கு இல்லை. ஆகவே ஏஜென்ட்டைச் சரிபார்க்கும் வேலையை இவர்கள் தாங்களாகவே இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்.

இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்கள் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். நர்ஸ்களுக்குத் தனி விதி: எந்த வகைப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் இந்த 18 நாடுகளுக்கு அனுமதி வேண்டும், ஆளெடுப்பும் 2015 முதல் அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாகத்தான். தமிழ்நாட்டில் அது 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். புதுச்சேரியில் நர்சிங் முடித்து வளைகுடா போக நினைப்பவர்கள் தனியார் ஏஜென்ட்டிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

ஏஜென்ட்டைத் தேடும் பகுதி

தளத்திலேயே உருப்படியான பகுதி இதுதான். பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர்களை மாநிலம், பெயர், பதிவு எண் என்று எதை வைத்தும் தேடலாம். லாகின் வேண்டாம், மொபைலிலேயே திறக்கும். பெயர் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. உரிமம் நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா, ரத்தா, காலாவதியா என்று பார்க்க வேண்டும். உரிமம் 5 ஆண்டுக்குத்தான். அதில் உள்ள முகவரியும் போன் எண்ணும் விசிட்டிங் கார்டில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். நிஜ ஏஜென்சியின் பெயரையும் பதிவு எண்ணையும் அப்படியே அச்சடித்து, போன் எண்ணை மட்டும் மாற்றிப் போடுவது பழைய வித்தை.

பதிவு பெறுகிற முகவர் 50 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் கட்டியிருப்பார். 100 பேர் வரை மட்டும் அனுப்பும் சிறிய முகவருக்கு அது 8 லட்சம். ஊரில் நம்மிடம் வந்து பேசுகிற சப் ஏஜென்ட் எதுவும் கட்டவில்லை. சட்டத்தில் அவருக்கு இடமே இல்லை, பதிவில்லாமல் ஆளெடுப்பது குற்றம். பெரும்பாலும் அவர் சொந்தக்காரராகவோ, பக்கத்து ஊர்க்காரராகவோ, முன்பு அதே கம்பெனியில் இருந்தவராகவோ இருப்பார். முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்கச் சங்கடமாக இருக்கும். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “எந்த ஏஜென்சி வழியா அனுப்புறீங்கண்ணே, பதிவு எண் சொல்லுங்க.” எண் கிடைத்ததும், அவர் கொடுத்த போன் நம்பரை விட்டுவிட்டு, தளத்தில் இருக்கிற நம்பருக்கே கூப்பிட வேண்டும். இந்தக் கம்பெனி ஆள் கேட்டுக் கொடுத்த டிமாண்ட் லெட்டர் உங்களிடம் இருக்கிறதா, எந்த வேலைக்கு எத்தனை பேர், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். உண்மையான ஏஜென்சியிடம் முதலாளி கொடுத்த டிமாண்ட் லெட்டரும் அதிகாரப் பத்திரமும் கட்டாயம் இருக்கும். பதில் மழுப்பலாக வந்தால் அத்தோடு விட்டுவிடலாம்.

தளத்தின் முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி பெயரில் போலித் தளங்கள் உண்டு.

35,400 ரூபாயும் ஒன்றரை லட்சமும்

சட்டப்படி முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக 35,400 ரூபாய், ரசீதோடு. ஊரில் கேட்பதோ ஒரு லட்சம், ஒன்றரை லட்சம். தளம் இந்த வரம்பைச் சொல்கிறது, ஆனால் காப்பாற்ற முடியவில்லை. ஏஜென்ட்டின் பேராசை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் வேலைச் சந்தையின் கணக்கு. அங்கே ஓர் இடம், இங்கே அதற்கு நிற்பவர்கள் பத்துப் பேர், இரண்டு ஊர்ச் சம்பளத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி என்றால், அந்த இடைவெளியின் ஒரு பங்கை இடத்தைக் கையில் வைத்திருப்பவர் விலையாக வாங்கிவிடுவார். வங்கதேச அரசும் மலேசிய அரசும் 2013 வாக்கில் ஏஜென்ட் இல்லாமல் குலுக்கல் முறையில் ஆளெடுத்தபோது, சுமார் 30,000 இடத்துக்கு 14 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். குலுக்கலில் வென்று போனவர்களின் வருமானம் போகாதவர்களைவிடப் பல மடங்கு உயர்ந்ததை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அவ்வளவு நீளமான வரிசை நிற்கிற இடத்தில், வரிசையை முந்த விட்டுத் தருகிறேன் என்பவருக்கு எப்போதும் வியாபாரம் நடக்கும்.

அதனால் ஏஜென்ட் கேட்கிற தொகையைப் பார்த்துப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதைவிட, அது எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்று கணக்குப் போடுவதுதான் சரி. அமீரகத்தில் மாதம் 1,200 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். திர்ஹம் 23 ரூபாய் என்றால் 27,600 ரூபாய். சாப்பாடு சொந்தச் செலவு என்றால் அதுவும் போனும் போக, ஊருக்கு 18,000 அனுப்பலாம். ஒன்றரை லட்சத்தை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால் முதல் மாத வட்டியே 4,500. அந்த 18,000 முழுவதையும் கடனுக்கே கட்டினாலும் தீர 10 மாதம் ஆகும். 35,400 மட்டும் கொடுத்துப் போனவருக்கு அதே வட்டியில் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான். இரண்டு வருட ஒப்பந்தத்தில் எட்டு மாதச் சம்பாத்தியம் இந்த ஒரு வித்தியாசத்தில் போய்விடுகிறது.

ஊர்க் கணக்கையும் பக்கத்திலேயே போட்டுப் பார்க்க வேண்டும். நாளுக்கு 900 ரூபாய்க் கூலியில் மாதம் 22 நாள் வேலை கிடைக்கிற கொத்தனாருக்கு இங்கேயே 19,800 வருகிறது. 1,200 திர்ஹத்துக்கு அவர் போவதில் ஒரு லாபமும் இல்லை. சித்தாளாகவோ, வருடத்தில் பாதி நாள் வேலையில்லாமலோ இருப்பவருக்கு அதே சம்பளம் பெரிய ஏற்றம். கைத்தொழில் நன்றாகத் தெரிந்தவர் 2,000 திர்ஹத்துக்குக் குறைவாக ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. இப்படிக் கைத்தேர்ந்த கொத்தனாரும் சென்ட்ரிங் ஆளும் வெளியே போவதால்தான் கடலூரிலும் புதுச்சேரியிலும் மேஸ்திரிகள் பீகார், ஒடிசா, மேற்கு வங்க ஆட்களைத் தேடுகிறார்கள். ஊரில் ஆள் குறைந்தால் கூலி ஏறும், கூலி ஏறினால் வெளியாள் வருவார். இருக்கிற கொத்தனாரின் பேரம் பேசும் பலம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஒப்பந்தம்: அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள்

பாதுகாவலர் அனுமதிக்காகத் தளத்தில் ஏறுகிற ஒப்பந்தத்தின் நகலைத் தொழிலாளி கேட்டு வாங்க வேண்டும். மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டுவதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 1,200 திர்ஹத்தில் அடிப்படை 700, மீதி சாப்பாட்டுப்படி, இதரப் படி என்று பிரித்திருந்தால் என்ன ஆகிறது பாருங்கள். அமீரகத்தில் ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தின் மணி விகிதத்தோடு 25 சதவீதம் கூட்டித் தரப்படும். 700-ஐ 30 நாளுக்கும் 8 மணிக்கும் வகுத்தால் மணிக்கு 2.92 திர்ஹம், ஓவர்டைம் சுமார் 3.65. அடிப்படையே 1,200 என்றால் ஓவர்டைம் 6.25. வேலை முடித்துத் திரும்பும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அப்படித்தான். முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம்: ஒருவருக்கு 490 திர்ஹம், மற்றவருக்கு 840. மொத்தச் சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான்.

அங்கே இறங்கியதும் வேறு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது இன்னொரு ஆபத்து. அமீரகம் 2016 முதல் தரப்படுத்தப்பட்ட வேலைக் கடிதத்தைத் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் காட்டிக் கையெழுத்து வாங்கச் சொல்கிறது. அந்த மொழிகளில் தமிழும் உண்டு. பிறகு போடும் ஒப்பந்தம் அந்தக் கடிதத்திலிருந்து தொழிலாளிக்குப் பாதகமாக மாறக் கூடாது. ஆகவே ஊரில் கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட வேண்டும். கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். சாப்பாடு முதலாளி தராவிட்டால் 300, தங்குமிடம் தராவிட்டால் 500 கூடுதலாகத் தர வேண்டும். இதற்குக் கீழே எழுதியிருக்கிற ஒப்பந்தம் அங்குள்ள சட்டத்துக்கே எதிரானது.

முதலாளியை மாற்ற முடியுமா என்பது சம்பளத்தை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு அமீரகமே சாட்சி. ஒப்பந்தம் முடிந்தவர் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று 2011-இல் விதி வந்தது. அதன் பிறகு, ஏற்கெனவே அங்கே இருந்தவர்களின் வருமானம் 10 சதவீதத்துக்கு மேல் ஏறியது. புதிதாக ஊரிலிருந்து போனவர்களுக்கு அந்த லாபம் வரவில்லை, அவர்களின் சம்பளம் சற்று இறங்கியது. முதல் ஒப்பந்தக் காலத்தில் தொழிலாளியின் கை தாழ்ந்தே இருக்கும். அதனால் முதல் ஒப்பந்தத்தை மூன்று வருடத்துக்குப் போடாமல் இரண்டு வருடத்தோடு நிறுத்துவது புத்திசாலித்தனம்.

சம்பளத்துக்குக் கீழ்வரம்பு

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் இந்தியா ஒரு குறைந்தபட்சப் பரிந்துரைச் சம்பளம் வைத்திருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் தளம் அனுமதி தராது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் எவ்வளவு எளிதில் ஆடும் என்பதை 2020 காட்டியது. கொரோனாவில் வேலை குறைந்தபோது, பக்கத்து நாட்டு ஆட்களிடம் இடம் போய்விடும் என்ற கவலையில் அந்த வரம்பை 30 முதல் 50 சதவீதம் வரை வெட்டினார்கள். அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைனுக்கு மாதம் 200 டாலர், குவைத்துக்கு 245, சவூதிக்கு 324 என்று ஆனது. தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்க, 2021 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார்கள். வங்கதேசமும் நேபாளமும் பாகிஸ்தானும் இதே வேலைக்குப் போட்டியிடுகிற சந்தையில், ஒரு நாடு மட்டும் கூலியைப் பிடித்து நிறுத்துவது கடினம் என்பது புரிகிறது. ஆனாலும் வெட்டிய அந்தப் பத்து மாதத்தில் போட்ட ஒப்பந்தங்கள் இரண்டு வருடம் அதே சம்பளத்தில் ஓடியிருக்கும். அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

சிங்கப்பூர் என்ற ஓட்டை

சிங்கப்பூர் அந்த 18 நாடுகளில் இல்லை. அதனால் கட்டட வேலைக்குப் போகிறவருக்கு இ-மைக்ரேட் அனுமதி வேண்டாம், ஒப்பந்தம் பாதுகாவலர் கண்ணுக்கு வராது. நம் பக்கம் ஸ்கில் டெஸ்ட் அடித்துப் போகிறவர்கள் ஏராளம். டெஸ்ட் சென்டர், தங்கும் செலவு, ஏஜென்ட் என்று சில லட்சம் போகிறது. எதற்காக அவ்வளவு என்பதை அந்த நாட்டுக் கணக்கில் பார்த்தால்தான் விளங்கும்.

2024 ஜனவரி முதல் சிங்கப்பூரில் கட்டட வேலைக்கு அடிப்படைத் திறன் பிரிவு ஆளை வைத்தால் முதலாளி அரசுக்கு மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) லெவி கட்ட வேண்டும். உயர் திறன் பிரிவென்றால் 500. ஓர் உள்ளூர் ஊழியருக்கு ஐந்து வெளிநாட்டு ஆள் என்பது உச்சவரம்பு; முன்பு அது ஏழு. நாளுக்கு 18 வெள்ளியில் 26 நாள் வேலை செய்தால் தொழிலாளிக்கு அடிப்படை 468 வெள்ளி. அவர் கைக்கு வருவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அரசுக்குப் போகிறது. முதலாளி ஓர் ஆளுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிற விலை இரண்டும் சேர்ந்தது. அதில் ஆளின் பங்கு சின்னது. வெளிநாட்டாள் மலிவாக இருந்தால் உள்ளூர்க்காரர் வேலை இழப்பார் என்ற பயத்தில்தான் லெவி வந்தது. அந்தப் பயம் எவ்வளவு சரி என்பதில் பொருளாதார அறிஞர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். 1980-இல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் அமெரிக்காவுக்கு வந்து, மயாமி நகரத் தொழிலாளர் எண்ணிக்கையே ஏழு சதவீதம் உயர்ந்தபோது, உள்ளூர்க் கூலி அசையவில்லை என்று டேவிட் கார்டு 1990-இல் காட்டினார். 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களின் கூலி மட்டும் நன்றாகவே விழுந்தது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னால் மறுத்தார். யார் சொல்வது சரியாக இருந்தாலும் லெவியும் கோட்டாவும் இருக்கத்தான் போகின்றன. நம் ஆள் அவற்றுக்குள்தான் வழி பார்க்க வேண்டும்.

வழி இருக்கிறது. அடிப்படைப் பிரிவிலிருந்து உயர் திறன் பிரிவுக்கு மாறினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். கட்டட வேலையில் 6 வருட அனுபவமும் 1,600 வெள்ளி நிலையான மாதச் சம்பளமும் இருந்தால் மாறலாம், தொழில் தேர்வு எழுதியும் மாறலாம். அந்த மிச்சத்தில் பங்கு கேட்கும் நேரம், மாறுவதற்கு முதலாளி கையெழுத்துப் போடும் முன்புதான். லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது அங்கே சட்ட விரோதம். சிங்கப்பூர் ஏஜென்ட் வாங்கக்கூடியது ஒப்பந்தத்தில் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். நம் ஊர் சப் ஏஜென்ட்டுக்கு அந்த வரம்பு பொருந்தாது. கிளம்பும் முன் முதலாளி அனுப்ப வேண்டிய முன் அனுமதிக் கடிதத்தைத்தான் எல்லாரும் ஐ.பி.ஏ. என்கிறார்கள். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் இருக்கும். தமிழிலும் கேட்டு வாங்கலாம். அதில் எழுதிய சம்பளத்தைவிட ஏஜென்ட் வாயால் சொன்னது அதிகம் என்றால், எழுதியதைத்தான் நம்ப வேண்டும்.

காப்பீடு, மெடிக்கல், விசிட் விசா

இ-மைக்ரேட் வழியாகப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375, வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் ரூபாய். இவ்வளவு குறைந்த காசுக்கு இந்த அளவு காப்பீடு வேறெங்கும் கிடைக்காது. 2024 ஜூன் 12 அன்று குவைத் மங்காஃப் கட்டடத் தீயில் 45 இந்தியர்கள் இறந்தார்கள், அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். பாலிசி எண்ணும் வாரிசு பெயரும் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பாலிசியையும் புதுப்பிக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

வளைகுடாவுக்கான மருத்துவப் பரிசோதனை வாஃபித் அமைப்பில் பதிவான மையத்தில்தான் செல்லும். முன்பு இதை கம்கா என்பார்கள். எப்போதோ குணமான காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் தகுதியில்லை என்று வந்துவிடலாம். மெடிக்கல் முடியும் முன் ஏஜென்ட்டுக்குப் பெரிய தொகை கொடுக்கவே கூடாது.

‘இப்போ விசிட்டில் போ, அங்கே வேலை விசாவாக மாற்றிக்கலாம்’ என்பது இந்தத் தளத்தின் கண்ணில் படாமல் ஆள் அனுப்பும் முறை. அப்படிப் போனவருக்குப் பதிவும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை. பிரச்சினை வந்தால் முதலாளி பெயரே தூதரகத்துக்குத் தெரியாது.

புகார்ப் பகுதி மட்டும் பலவீனம். பதிவு பெற்ற முகவர் மீது புகார் கொடுத்தால் உரிமமும் வங்கி உத்தரவாதமும் பிடியில் இருப்பதால் பணம் திரும்ப வர வாய்ப்பு உண்டு. சப் ஏஜென்ட் மீதான புகார் கடைசியில் உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத்தான் போகும், அங்கே வங்கி ரசீது இல்லாவிட்டால் நிற்காது. கூகுள் பேயில் கொடுத்திருந்தாலும் அதன் விவரத்தைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும்போது வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார்த் தளத்தில் தூதரகத்துக்குப் புகார் எழுதலாம். பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் இலவச எண் 1800 11 3090. கூப்பிடும் முன் பாஸ்போர்ட் எண், விசா நகல், கம்பெனியின் முழுப் பெயர், கேம்ப் முகவரி நான்கையும் எழுதி வைத்துக்கொண்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.